மூன்று லட்சம் கண்ணாடித் துண்டுகளும் ஒரு மஞ்சள் படமும்

ஜொகூர் பாருவில், ஜாலான் தெப்ராவ் பக்கம் இருக்கும் அருள்மிகு இராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயத்தை ஜொகூர் மாணவர்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. நேரில் போகாதவர்கள்கூடப் படத்தில் பார்த்திருப்பீர்கள். என் அக்கா மகன், படிவம் 3 மாணவன், பள்ளி ஆண்டிதழுக்காக அங்கே போய்த் தன் கைபேசியில் ஒரு படம் எடுத்தான். ஆண்டிதழ்க் குழுவினர் அந்தப் படத்தை இரண்டே நாளில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். "அச்சில் போட்டால் மங்கலாக வரும், நிறமும் சரியில்லை" என்று குறிப்பு.

"மாமா, கோயில் பளபளன்னு இருந்துச்சு. படத்துல மட்டும் ஏன் எல்லாம் மஞ்சளா இருக்கு? நான் எடிட் பண்ணித்தானே அனுப்பினேன்?" என்று கேட்டான்.

அவன் என்னென்ன செய்தான் என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். படத்தைக் கத்தரித்தான். ஃபில்டர் ஒன்றைப் போட்டான். வெளிச்சத்தைக் கூட்டினான். வாட்ஸ்அப்பில் அம்மாவுக்கு அனுப்பினான். அம்மாவின் கைபேசித் திரையை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதை ஆசிரியருக்கு அனுப்பினான். இவற்றில் ஒவ்வொரு செயலும் படத்துக்குள் ஒரு மாற்றத்தைச் செய்திருக்கிறது. அது என்ன மாற்றம் என்று தெரிந்தால், படத் திருத்தச் செயலிகளில் வரும் பாதிச் சொற்கள் உங்களுக்குப் புரிந்துவிடும்.

துண்டும் புள்ளியும்

அந்தக் கோயிலிலிருந்தே தொடங்கலாம். சுவர், தூண், மேற்கூரை என்று ஏறக்குறைய முழுக் கட்டடமும் சுமார் 3 லட்சம் வண்ணக் கண்ணாடித் துண்டுகளால் மூடப்பட்டிருக்கிறது. சுவரில் மூக்கு உரசும்படி நின்றால் துண்டு துண்டாகத்தான் தெரியும். பத்தடி பின்னால் வந்தால் அதே துண்டுகள் சேர்ந்து பூவாகவும் கொடியாகவும் மாறிவிடும்.

இலக்கவியல் படமும் இப்படித்தான். அதன் ஒரு துண்டுக்குப் பெயர் பிக்சல்; தமிழில் படப்புள்ளி என்கிறோம். கண்ணாடித் துண்டுகள் பல வடிவத்தில் இருக்கும். பிக்சல்கள் எல்லாம் ஒரே அளவுச் சதுரம், கட்டம் போட்ட கணக்கு நோட்டில் இருப்பதுபோல வரிசையாக நிற்கும். கைபேசிகளில் கேமரா வந்த புதிதில் பல படங்கள் 640 வரிசைக்கு 480 என்ற அளவில் இருந்தன. பெருக்கிப் பாருங்கள்: 307,200. ஏறக்குறைய அந்தக் கோயிலில் உள்ள துண்டுகளின் எண்ணிக்கை!

உலகில் கணினிக்குள் போன முதல் புகைப்படம் இதைவிடச் சிறியது. 1957-இல் அமெரிக்காவின் தேசியத் தரநிலை அலுவலகத்தில் ரசல் கிர்ஷ் என்ற பொறியாளர், தம்முடைய கைக்குழந்தை வால்டனின் படத்தை ஸ்கேன் செய்தார். அகலம் 176 புள்ளி, உயரம் 176 புள்ளி, மொத்தம் 30,976. கோயிலில் பத்தில் ஒரு பங்குதான். அதையே கையாள அன்றைய கணினி திணறியது.

இன்று உங்கள் கையில் இருக்கும் சாதாரணக் கைபேசி 4000-க்கு 3000 என்று படம் எடுக்கும். அது 1 கோடியே 20 லட்சம் புள்ளி. 'மெகா' என்றால் பத்து லட்சம். ஆகவே இதை 12 மெகாபிக்சல் என்கிறார்கள். நாற்பது கண்ணாடிக் கோயில்களை ஒரு கைபேசிக்குள் அடைத்து வைத்ததுபோல.

இனி நிறம். கோயில் கண்ணாடிகள் சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை, ஊதா, வெள்ளை என்று சில நிறங்களில்தான் இருக்கின்றன. பிக்சலுக்கு அந்த வரம்பு இல்லை. ஒவ்வொரு பிக்சலிலும் மூன்று எண்கள் இருக்கின்றன: சிவப்பு எவ்வளவு, பச்சை எவ்வளவு, நீலம் எவ்வளவு. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை போகலாம். மூன்றும் 0 என்றால் கருமை. மூன்றும் 255 என்றால் வெண்மை. மூன்றும் சமமாக நடுவில் எங்கேயாவது நின்றால் சாம்பல் நிறம். 256-ஐ மூன்று முறை பெருக்கினால் 16,777,216 நிறங்கள் கிடைக்கும்.

படத் திருத்தம் என்பது இந்த எண்களை மாற்றுவதுதான். செயலியில் எத்தனை பொத்தான்கள் மின்னினாலும், கடைசியில் நடப்பது கூட்டல், கழித்தல், பெருக்கல். இதை நினைவில் வைத்துக்கொண்டால் எந்தச் செயலியைக் கண்டும் மிரள வேண்டாம்.

ஒரு விஷயம் பலருக்கு வியப்பாக இருக்கும். கேமராவின் உணரிக்கு நிறமே தெரியாது. எவ்வளவு வெளிச்சம் விழுந்தது என்று மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை அல்லது நீல நிறத்தில் ஒரு குட்டி வடிகட்டியை ஒட்டி வைக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தில் பணியாற்றிய பிரைஸ் பேயர் 1976-இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பாதிப் புள்ளிகளுக்குப் பச்சை, கால்வாசிக்குச் சிவப்பு, கால்வாசிக்கு நீலம். நம் கண் பச்சையை நன்றாக உணர்வதால் பச்சைக்கு இரட்டைப் பங்கு. ஆக, ஒரு புள்ளியில் உண்மையாக அளக்கப்படுவது ஓர் எண்தான்; மற்ற இரண்டு எண்களைப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமராவே ஊகித்து நிரப்புகிறது. "நான் எடிட் செய்யாத படம்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால், கேமரா முன்பே செய்துவிட்டது என்று சொல்லுங்கள்.

கத்தரிப்பதும் சுருக்குவதும்

நம் பையனின் படத்துக்கு வருவோம். முதலில் கத்தரித்தான். க்ராப் என்னும் இந்தக் கருவி, தேவையில்லாத ஓரங்களை வெட்டிவிடுகிறது. அகலத்தில் பாதி, உயரத்தில் பாதி மட்டும் வைத்துக்கொண்டான். 2000-க்கு 1500, அதாவது 30 லட்சம் புள்ளி. பாதியாக வெட்டியதாகத்தான் அவன் நினைத்தான். முக்கால் பங்கு போய்விட்டது.

பிறகு வாட்ஸ்அப். சாதாரண முறையில் படம் அனுப்பினால், வேகமாகப் போய்ச் சேர்வதற்காக அந்தச் செயலி படத்தைச் சுருக்கிவிடும். 1600-க்கு 1200 ஆனது. அதன் பிறகு ஸ்கிரீன்ஷாட். திரையின் அகலத்தில் 1080 புள்ளிகள்தான் உள்ளன என்றால், ஸ்கிரீன்ஷாட்டிலும் அவ்வளவுதான் கிடைக்கும். கடைசியில் ஆசிரியர் கைக்குப் போனது 1080-க்கு 810. ஒன்பது லட்சம் புள்ளிகூட இல்லை. 120 லட்சத்தில் புறப்பட்ட படம் வழியெல்லாம் சிந்திக்கொண்டே போயிருக்கிறது.

அச்சுக்கூடத்தில் ரெசொலூஷன் என்று ஒரு சொல் அடிபடும். ஓர் அங்குல நீளத்துக்குள் எத்தனை புள்ளிகளை வைக்கிறோம் என்பதே அது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 என்பது வழக்கமான அளவு. அவன் அனுப்பிய 1080 புள்ளிகளை 300-ஆல் வகுத்தால் 3.6 அங்குலம். ஆண்டிதழில் ஒரு பக்க அகலத்துக்கு 8 அங்குலம் வேண்டும். அதற்கு 2400 புள்ளிகள் தேவை. கைபேசியில் இருந்த மூலப் படமோ 13 அங்குலம் வரை தாங்கும்.

"பெரிசாக்கிக்கலாமே மாமா?" என்றான். ஆக்கலாம். ஒரு புள்ளி 100, அடுத்த புள்ளி 200 என்றால், கணினி நடுவில் 150 என்று ஒரு புதுப் புள்ளியைச் செருகும். படம் பெரிதாகும், ஆனால் புதுத் தகவல் எதுவும் வராது. அதனால்தான் மங்கல். இப்போது வரும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் பெரிதாக்கும்போது கூர்மையாகத் தருகின்றனவே என்று கேட்பீர்கள். அவை இலட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகியவை. 'இந்த இடத்தில் கண் இமை இருக்கக்கூடும்' என்று ஊகித்து வரைந்துவிடுகின்றன. பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் அது அந்த மனிதரின் இமை அன்று.

255 என்ற சுவர்

அடுத்து அவன் செய்தது வெளிச்சத்தைக் கூட்டியது. இங்கேதான் பெரிய இழப்பு நடந்தது.

திருத்தச் செயலிகளில் ஹிஸ்டோகிராம் என்று மலைத்தொடர் போல ஒரு வரைபடம் இருக்கும். பெரும்பாலோர் அதைத் திறந்துகூடப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த அலட்சியம் புரியவே மாட்டேன் என்கிறது. ஒட்டுமொத்தச் செயலியில் பொய்யே சொல்லாத கருவி அது ஒன்றுதான். நீங்கள் கணிதப் பாடத்தில் வரையும் அதே ஹிஸ்டோகிராம்தான் இதுவும். படுக்கைக் கோட்டில் 0 முதல் 255 வரை. ஒவ்வோர் எண்ணிலும் எத்தனை பிக்சல்கள் இருக்கின்றன என்பது உயரம். மலை இடப்பக்கம் குவிந்திருந்தால் படம் இருட்டு. வலப்பக்கம் குவிந்திருந்தால் அதிக வெளிச்சம்.

வலது ஓரத்தில் 255 என்ற சுவர் இருக்கிறது. அதற்கு மேல் எண் இல்லை. கோயிலின் சன்னல் பகுதியில் 230, 240, 250 என்று மூன்று புள்ளிகள் இருந்தன என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கும் 40 கூட்டினால் 270, 280, 290 வரவேண்டும். வராது, மூன்றும் 255-இல் மோதி நின்றுவிடும். கண்ணாடியின் வேலைப்பாடு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அதைச் சேமித்த பிறகு, ஐயோ தப்பு என்று 40-ஐக் கழித்தால்? மூன்றும் 215 ஆகும். வெள்ளைத் திட்டு சாம்பல் திட்டாகும், அவ்வளவுதான். 230, 240, 250 என்ற வேறுபாடு திரும்பி வராது.

தொழில்முறைக் கலைஞர்கள் 'ரா' என்ற கோப்பில் படம் எடுப்பது இதற்காகவே. ரா என்றால் பச்சை, சமைக்காதது. சாதாரணக் கோப்பில் ஒரு நிறத்துக்கு 256 படிகள் என்றால், ரா கோப்பில் 4,096 அல்லது 16,384 படிகள் இருக்கும். இழுத்துத் திருத்த அங்கே இடம் அதிகம். கைபேசிகள் பலவற்றிலும் இந்த வசதி இப்போது உண்டு.

காண்ட்ராஸ்ட், சாச்சுரேஷன் இரண்டையும் சீக்கிரம் முடித்துவிடலாம். காண்ட்ராஸ்ட் கூட்டினால், நடு எண்ணான 128-இலிருந்து ஒவ்வொரு புள்ளியும் விலகி ஓடும். இருட்டு மேலும் இருட்டாகும், வெளிச்சம் மேலும் வெளிச்சமாகும். சாச்சுரேஷன் என்பது வண்ணச் செறிவு. ஒரு பிக்சலின் மூன்று எண்களுக்கும் இடையே உள்ள வேறுபாட்டை அது பெரிதாக்கும். வேறுபாட்டை முழுக்க நீக்கினால் கறுப்பு வெள்ளைப் படம் வந்துவிடும். அளவுக்கு மீறிக் கூட்டினால் பட்டுச்சேலை ஒளிரும் பேனா மையில் முக்கியது போலாகிவிடும். உணவுக்கடை விளம்பரங்களில் நாசி லெமாக் சம்பல் இரத்தச் சிவப்பாகத் தெரிவதன் இரகசியமும் இதுதான்.

மஞ்சள் எங்கிருந்து வந்தது?

இது அவன் செய்த தவறே அன்று. கோயிலுக்குள் எரிந்த விளக்குகள் மஞ்சள் ஒளி தருபவை. வெள்ளைக் கண்ணாடியில் மஞ்சள் ஒளி பட்டால், கேமராவுக்கு வருவதும் மஞ்சள் ஒளிதான். "நான் பார்த்தப்ப வெள்ளையாத்தானே இருந்துச்சு" என்பான். அது கண்ணின் வேலை, மூளையின் வேலை. இந்த இடத்தில் விளக்கு மஞ்சள் என்று மூளை புரிந்துகொண்டு, அந்த மஞ்சளைக் கழித்துவிடுகிறது. வெள்ளை வேட்டி, வெயிலில் பார்த்தாலும் குத்துவிளக்கு வெளிச்சத்தில் பார்த்தாலும் நமக்கு வெள்ளை வேட்டிதான்.

ஒளியின் இந்த நிறத்தைக் கெல்வின் அளவில் சொல்வார்கள். அறிவியல் பாடத்தில் வெப்பநிலைக்குப் பயன்படுத்தும் அதே கெல்வின்தான். இரும்பைக் காய்ச்சும்போது முதலில் சிவக்கும், பிறகு மஞ்சளாகும், மேலும் சூடேறினால் வெண்மைக்குப் போகும் அல்லவா? அந்த ஒழுங்கை வைத்தே இந்த அளவு வந்தது. மெழுகுவத்தி ஏறக்குறைய 1,900 கெல்வின். பழைய குண்டு பல்பு 2,700. நண்பகல் வெயில் 5,500 வாக்கில். மேகமூட்டம் 6,500, அதில் நீலம் தூக்கலாக இருக்கும்.

கேமராவில் மூளையின் அந்த வேலையைச் செய்யும் கருவிக்கு ஒயிட் பேலன்ஸ் என்று பெயர். தமிழில் வெண்சமநிலை எனலாம். கணக்கு எளிது. அவன் படத்தில், உண்மையில் வெள்ளையாக இருக்க வேண்டிய ஒரு கண்ணாடித் துண்டைத் தொட்டுப் பார்த்தோம். சிவப்பு 240, பச்சை 200, நீலம் 140 என்று காட்டியது. மூன்றும் சமமானால்தான் அது நிறச்சார்பு இல்லாத வெண்மை. ஆகவே பச்சையை அப்படியே விட்டு, சிவப்பை 0.83-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 200, நீலத்தை 1.43-ஆல் பெருக்கினால் 200. இதே பெருக்கலை மொத்தப் படத்துக்கும் செய்தால் மஞ்சள் போய்விடும். செயலியில் சொட்டுக்குழாய் போன்ற ஒரு சின்னம் இருக்கும். அதை எடுத்து வெள்ளையின் மேல் ஒரு சொட்டு வைத்தால், இந்தக் கணக்கைச் செயலியே போட்டுக்கொள்ளும்.

நீலத்தை மட்டும் ஒன்றரை மடங்காகப் பெருக்கினோம் அல்லவா? அதில் இருந்த பிழைகளும் ஒன்றரை மடங்காகும். மங்கிய வெளிச்சத்தில் எடுத்த படங்களின் இருட்டுப் பகுதியில் மணல் தூவியதுபோலப் புள்ளிகள் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம். இதற்கு நாய்ஸ் என்று பெயர், இரைச்சல்.

வெள்ளை எது என்று முடிவு செய்வது யார் என்ற கேள்வி சின்னக் கேள்வி அன்று. பிலிம் காலத்தில், 1950-களிலிருந்து, படம் கழுவும் கடைகளில் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் ஒரு மாதிரி அட்டை கொடுத்தது. அதில் இருந்தவர் வெள்ளைத் தோல் கொண்ட ஒரு பெண். 'ஷெர்லி அட்டை' என்று அதை அழைத்தார்கள். அவர் முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்று கொண்டார்கள். கறுத்த தோல் கொண்டவர்களின் படங்கள் பல்லும் கண்ணும் மட்டும் தெரிய இருட்டாக வந்தன. இன்று பல கைபேசிகளின் 'அழகூட்டும்' பொத்தான், கேட்காமலே நம் முகத்தின் எண்களை 255 பக்கமாகத் தள்ளுகிறது. நான் என் கைபேசியில் அதை முதல் நாளே அணைத்துவிட்டேன். வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் அது அழகைக் கூட்டவில்லை, எண்ணைக் கூட்டுகிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

தொடக்கத் திரையில் ஒரு தமிழ்ப் பெயர்

1987-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த தாமஸ் நோல், தம் மெக்கின்டாஷ் கணினியின் கறுப்பு வெள்ளைத் திரையில் சாம்பல் நிறப் படங்களைக் காட்ட ஒரு சிறு நிரல் எழுதினார். தம்பி ஜான் நோல் திரைப்படங்களுக்குச் சிறப்புக் காட்சிகள் உருவாக்கும் நிறுவனத்தில் பணியாற்றினார். இருவரும் சேர்ந்து அந்த நிரலை வளர்த்தார்கள். அடோபி நிறுவனம் அதற்கு உரிமம் பெற்று 1990 பிப்ரவரியில் வெளியிட்டது. அதுதான் ஃபோட்டோஷாப்.

ஃபோட்டோஷாப் திறக்கும்போது சில நொடிகள் ஒரு தொடக்கத் திரை வரும். அதில் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் ஓடும். பல பதிப்புகளில் தாமஸ் நோல் பெயரை அடுத்து நின்ற பெயர் சீதாராமன் நாராயணன். திருச்சி மண்டலப் பொறியியல் கல்லூரியில் படித்துவிட்டு அமெரிக்கா போன பொறியாளர். ஒவ்வொரு நாளும் அந்தத் திரையைப் பார்த்துப் பார்த்து, 'யார் இந்தச் சீதாராமன்?' என்று உலகெங்கும் வடிவமைப்பாளர்கள் தேடத் தொடங்கி, அவருக்கு இரசிகர் கூட்டமே உருவாகிவிட்டது.

1994-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஃபோட்டோஷாப்புக்கு லேயர் என்ற வசதி கிடைத்தது. அடுக்கு என்று பொருள். ஓவியத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து, அந்தத் தாளில் மட்டும் வரைவதாக நினைத்துக்கொள்ளுங்கள். பிடிக்காவிட்டால் தாளை எடுத்துவிடலாம். ஓவியம் அப்படியே இருக்கும். மஞ்சள் நீக்கும் திருத்தம் ஒரு தாள், தலைப்பு எழுத்து இன்னொரு தாள் என்று பத்து, இருபது அடுக்கு வைத்தாலும் அடியில் மூலப் படம் கெடாமல் இருக்கும்.

அடுக்கோடு சேர்ந்து வருவது மாஸ்க், அதாவது மறைப்பு. இதில் வெள்ளை பூசிய இடத்தில் அடுக்கு தெரியும், கறுப்புப் பூசிய இடத்தில் மறையும், சாம்பல் பூசினால் பாதி தெரியும். கோயிலின் உள்பக்கம் மட்டும் மஞ்சள் நீங்கி, வெளியே தெரியும் வானம் மாறாமல் இருக்க வேண்டுமா? வானத்தின் மேல் கறுப்புப் பூசினால் போதும்.

குளோன் ஸ்டாம்ப் என்ற கருவி, ஓரிடத்துப் பிக்சல்களை நகலெடுத்து இன்னோரிடத்தில் முத்திரை குத்தும். ஹீலிங் என்பது அதன் தங்கை; நகலெடுத்த பகுதியின் வெளிச்சத்தையும் நிறத்தையும் சுற்றுப்புறத்துக்கு ஏற்ப மாற்றி ஒட்டும். முகப்பரு, சுவர்க் கறை, தரையில் கிடந்த பிளாஸ்டிக் பை எல்லாம் இதில்தான் காணாமல் போகின்றன.

இவற்றைப் பழகப் பணம் வேண்டியதில்லை. 1995-இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் தொடங்கிய ஜிம்ப் என்ற மென்பொருள் முற்றிலும் இலவசம். அடுக்கு, மறைப்பு, ஹிஸ்டோகிராம் எல்லாம் அதில் உண்டு. கைபேசிக்கு ஸ்னாப்சீட் இருக்கிறது. ஜிம்ப்பில் வேலை முடியும்வரை எக்ஸ்சிஎஃப் கோப்பாகச் சேமியுங்கள். அடுக்குகள் தனித்தனியே இருக்கும். ஜேபெக் கோப்பாக்கினால் எல்லாத் தாள்களும் ஒட்டிக்கொண்டு ஒரே தாளாகிவிடும்.

ஜேபெக்கை நாம் நாள்தோறும் பயன்படுத்துகிறோம். 12 மெகாபிக்சல் படத்தை அப்படியே எழுதினால் புள்ளிக்கு மூன்று எண் வீதம் 36 மெகாபைட் ஆகும். ஜேபெக் அதை நாலைந்து மெகாபைட்டுக்குள் அடக்கிவிடும். படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளி கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்தையும் அலைகளின் கூட்டலாக எழுதி, கண்ணுக்கு எளிதில் தெரியாத நுண்ணிய அலைகளைத் தூக்கிப் போடுவதே அதன் உத்தி. இதற்கு அடிப்படையான கணித முறையை 1974-இல் வெளியிட்டவர்கள் மூவர்: பெங்களூரில் பிறந்த நசீர் அகமது, டி. நடராஜன், கே. ஆர். ராவ். அந்த ஆய்வுக்கு நசீர் அகமது முதலில் நிதி கேட்டபோது, இது மிக எளிதான யோசனை என்று மறுத்துவிட்டார்களாம்! இன்று நீங்கள் பகிரும் ஜேபெக் படம் ஒவ்வொன்றிலும் அந்த எளிய யோசனைதான் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒன்று மட்டும் கவனம்: ஜேபெக் படத்தைத் திறந்து, திருத்தி, மறுபடி சேமிக்கும் ஒவ்வொரு முறையும் இன்னும் கொஞ்சம் தூக்கிப் போடப்படும். எழுத்துகளின் ஓரத்தில் கொசு மொய்த்தது போலத் தெரிந்தால், அந்தப் படம் பல கை மாறி வந்தது என்று பொருள்.

மறைத்தது மறையாது

இனிச் சொல்வதை மட்டுமாவது வீட்டில் அப்பா அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

வேலைக்கோ உதவித்தொகைக்கோ மைகாட் படத்தை அனுப்பும்போது, சிலர் எண்ணின் மேல் கைபேசியிலேயே கறுப்புத் தூரிகையால் பூசிவிடுகிறார்கள். அந்தத் தூரிகை முழுக் கறுப்பா என்று பார்ப்பதில்லை. தூரிகைகளுக்கு ஒப்பாசிட்டி என்ற ஒரு பண்பு உண்டு. எவ்வளவு மறைக்கும் என்பதன் விழுக்காடு. 80 விழுக்காடு மறைக்கும் கறுப்பால் பூசினால், அடியில் உள்ள எண்ணில் ஐந்தில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும். அட்டையின் பின்னணி 230, அதில் அச்சான எண் 30 என்று கொள்வோம். பூசிய பிறகு பின்னணி 46, எண் 6. கண்ணுக்கு இரண்டும் கறுப்பு. ஆனால் யாராவது அந்தப் படத்தை ஐந்தால் பெருக்கினால், மறுபடி 230-உம் 30-உம் வந்துவிடும். வெளிச்சப் பட்டையை வலப்பக்கம் இழுப்பதுதான் அந்தப் பெருக்கல். ஒரு விரல் போதும். மறைக்க வேண்டுமானால் முழுக் கறுப்புச் செவ்வகத்தை வைத்து மறையுங்கள். அதைப் புதுப் படமாகச் சேமித்து, வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

வெட்டி எறிந்ததும் சில சமயம் ஒட்டிக்கொண்டிருக்கும். 2023 மார்ச்சில் கூகள் பிக்சல் கைபேசிகளில் அப்படியொரு குறை வெளியானது. அவற்றின் திருத்தக் கருவி, கத்தரித்த சிறு படத்தைப் பழைய பெரிய கோப்பின் மேலேயே எழுதி, வாலைத் துண்டிக்காமல் விட்டிருந்தது. அந்த வாலிலிருந்து வெட்டப்பட்ட பகுதியின் பெரும்பங்கை மீட்க முடிந்தது. குறை சரிசெய்யப்பட்டது, ஆனால் அதற்கு முன் இணையத்தில் ஏற்றிய படங்கள் ஏற்றியவைதானே?

படக் கோப்புக்குள் எக்ஸிஃப் என்ற குறிப்பும் ஒளிந்திருக்கும். எந்தக் கைபேசி, எந்த நேரம், இருப்பிடச் சேவை திறந்திருந்தால் எந்த இடம் என்பதுவரை அதில் எழுதியிருக்கும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இந்தக் குறிப்பு நீங்கிவிடும். தரம் குறையாமல் இருக்க 'ஆவணம்' என்று அனுப்பினால் நீங்காது. உங்கள் வீட்டு வாசலில் எடுத்த படத்தை முகம் தெரியாதவருக்கு அனுப்பும் முன் இது நினைவில் இருக்கட்டும்.

எதுவரை திருத்தலாம்?

1982 பிப்ரவரியில் நேஷனல் ஜியோகிராஃபிக் இதழின் அட்டையில் எகிப்தின் கீஸா பிரமிடுகள் வந்தன. எடுத்த படம் அகலமானது, அட்டையோ உயரமானது. அதனால் கணினி மூலம் இரண்டு பிரமிடுகளை நெருக்கி வைத்துவிட்டார்கள். ஃபோட்டோஷாப் பிறப்பதற்கு எட்டு ஆண்டுகளுக்கு முன்பே! வாசகர்கள் கண்டுபிடித்துக் கேட்க, பெரிய விவாதம் மூண்டது. பிரமிடு கல்லால் ஆனது. அதை நகர்த்த நீங்கள் யார் என்பதே கேள்வி.

நம் ஊர்ச் சூழலில் யோசித்துப் பாருங்கள். 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில் சுங்கை கிம் கிம் ஆற்றில் யாரோ இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள், 111 பள்ளிகள் மூடப்பட்டன. உங்களில் சிலர் அப்போது அங்கே தொடக்கப்பள்ளியில் படித்திருக்கலாம். அப்படியொரு நேரத்தில் ஆற்று நீரின் நிறம் வெறும் அழகு இல்லை, சாட்சி. வண்ணச் செறிவைக் கூட்டினால் சாதாரணக் கலங்கல் நீரும் நஞ்சு போலத் தெரியும்; பீதி கிளம்பும். அதைக் குறைத்தால் நஞ்சும் நல்ல நீர் போலத் தெரியும். பொத்தான் ஒன்றுதான்.

வெண்சமநிலைகூட இங்கே ஏமாற்றும். புகைமூட்ட நாளில் வானம் செம்மஞ்சளாக இருந்தால், கேமரா 'விளக்குதான் மஞ்சள்' என்று எண்ணித் தானாகவே அதைச் சாம்பலாக மாற்றிவிடக்கூடும். 2020 செப்டம்பரில் காட்டுத்தீப் புகையால் சான் பிரான்சிஸ்கோ வானம் செம்மஞ்சளானபோது, பலருடைய கைபேசிகள் அப்படித்தான் செய்தன. அத்தகைய நாளில், தானியங்கி வெண்சமநிலையை அணைத்துவிட்டு 5,500 கெல்வின் வாக்கில் நிறுத்தி எடுத்தால் கண் பார்த்த நிறம் கிடைக்கும்.

செய்திப் படம் எடுப்பவர்கள் பொதுவாகப் பின்பற்றும் கோடு இதுதான்: கத்தரிக்கலாம், வெளிச்சத்தையும் நிறத்தையும் அளவோடு சரிசெய்யலாம், படத்தில் இருந்ததை நீக்கக் கூடாது, இல்லாததைச் சேர்க்கக் கூடாது. குளோன் ஸ்டாம்ப் பக்கமே போகக் கூடாது. பிறந்தநாள் வாழ்த்து அட்டைக்கு இந்தக் கட்டுப்பாடு எதற்கு? உங்கள் தம்பிக்கு யானைத் தும்பிக்கை ஒட்டி மகிழுங்கள்.

எங்கள் ஆண்டிதழ்ப் படத்துக்கு அந்தக் கோட்டையே வைத்துக்கொண்டோம். நல்ல வேளையாக மூலப் படம் கைபேசியிலேயே இருந்தது. அதை யூ.எஸ்.பி. வடத்தில் கணினிக்கு மாற்றி, ஜிம்ப்பில் திறந்து, நகல் அடுக்கு ஒன்று போட்டு, வெள்ளைக் கண்ணாடியில் சொட்டுக்குழாயை வைத்தோம். மஞ்சள் வடிந்து, சிவப்பும் பச்சையும் ஊதாவும் எழுந்து வந்தன. பையன் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்துவிட்டான். ஹிஸ்டோகிராமைத் திறந்தோம். வலது ஓரத்தில், 255-இல், ஊசி போல ஒரு கோடு நின்றது. சன்னல் பகுதி எடுக்கும்போதே சுவரில் மோதியிருக்கிறது. அதை எந்தப் பொத்தானாலும் மீட்க முடியாது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி கோயிலுக்குப் போனோம். இந்த முறை திரையில் சன்னலைத் தொட்டு, பக்கத்தில் வந்த சிறு சூரியச் சின்னத்தைக் கீழே இழுத்துவிட்டு எடுத்தான். திரையில் படம் கொஞ்சம் இருட்டாகத் தெரிந்தது. "பரவாயில்ல மாமா, 255-க்குப் போகல. மத்தத வீட்டுல பாத்துக்கலாம்" என்றான்.